பொம்மைகள் பொம்மைகளாகவே போரிட்ட படம்

இரவு. ஒரு மரப் பட்டறை. விளக்கடியில் உட்கார்ந்து முதியவர் ஒருவர் பொம்மை செதுக்கிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் அவர் கைப்பட உருவான பொம்மைகள் அசையாமல் நிற்கின்றன. இப்போது அவர் உளியில் உருவாவது மட்டும் குழந்தைகளுக்கான பொம்மை இல்லை. நெற்றியில் ஒட்டிய மயிர், மூக்குக்குக் கீழே துண்டு மீசை: ஹிட்லரின் கேலி உருவம். வெளியே போகிற கெஸ்டபோ ஆள், அதாவது நாஜி இரகசியப் போலீஸ்காரன், ஒருவன் இதைப் பார்த்துவிடுகிறான். முதியவர் நழுவிவிடுகிறார். உள்ளே புகுந்தவன் கண்ணில் பட்டதையெல்லாம் கலைக்கிறான், உடைக்கிறான். அப்போது பொம்மைகள் அசையத் தொடங்குகின்றன.

இதுதான் 'பொம்மைகளின் கிளர்ச்சி'. செக் மொழியில் 'வ்ஸ்பொவுரா ஹ்ராசெக்'. 1946-இல் செக்கோஸ்லோவாகியாவின் ஸ்லீன் நகரத்தில் ஹெர்மீனா டீர்லொவா எடுத்த குறும்படம். நடிகர்கள் வரும் பகுதியை இயக்குவதில் ஃப்ரான்டிஷெக் சாடெக் அவருடன் சேர்ந்துகொண்டார். 1947-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. ஓடும் நேரம் ஏறக்குறைய கால் மணி. இரகசியப் போலீஸ்காரன் ஒருவனை மர பொம்மைகள் அடித்து விரட்டும் கதையைக் குழந்தைகளுக்கு என்று எடுத்திருக்கிறார்கள்; அதுவும் போர் முடிந்த மறு ஆண்டிலேயே. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று முதல் முறை பார்த்தபோது எனக்குப் பிடிபடவில்லை.

சில வாரங்களுக்கு முன் அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். அவனுக்கு ஏழு வயது. கெஸ்டபோ என்றால் என்ன, ஸ்வஸ்திகா பட்டை கட்டியவன் யார், ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. முதியவர் தப்பி ஓடியதும் படத்தை நிறுத்தச் சொன்னான். "ஏன் மாமா, அவர் பொம்மைகளை விட்டுவிட்டுப் போகிறார்?" என்று கேட்டான். அவர் தப்பித்துவிட்டாரே என்ற நிம்மதி அவனுக்கு வரவில்லை. பொம்மைகள் தனியாக மாட்டிக்கொண்டன என்ற கவலைதான் வந்தது. படத்தைப் பற்றி நான் வாசித்திருந்த எதையும்விட அந்தக் கேள்வி எனக்குப் பயன்பட்டது. வந்தவன் நாஜி என்று தெரியாவிட்டாலும், பொம்மையை உடைப்பவன் என்று தெரிந்தால் போதும், படம் புரிந்துவிடுகிறது. டீர்லொவா கதையை நிறுத்தியிருக்கும் இடம் அது.

மரத்தில் செய்த யானையைப் பார்க்கிறவனுக்கு யானை தெரிந்தால் மரம் மறைந்துவிடும், மரம் தெரிந்தால் யானை மறைந்துவிடும் என்று நம்மிடையே பழைய பேச்சு ஒன்று உண்டு. பொம்மைகளை வைத்துப் படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் மரத்தை மறைக்கத்தான் பாடுபடுகிறார்கள். கண்ணிமை மூட வேண்டும், உதடு அசைய வேண்டும், மூச்சு விடுவது தெரிய வேண்டும். டீர்லொவாவின் படங்களில் யானையும் நடக்கும், மரமும் தெரியும். அவருடைய சிப்பாய் மரச் சிப்பாயாகவே நடக்கிறான். வண்டி வண்டியாகவே உருண்டு வந்து மோதுகிறது. விமானம் குழந்தையின் கையில் எப்படிப் பறக்குமோ அப்படிப் பறக்கிறது. ஆயுதம் என்று வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. பொம்மைக்கடையில் என்ன இருக்குமோ அதை வைத்துத்தான் சண்டை. சிரிப்பு வருவதும் அதனால்தான். இத்தனை ஆண்டுகளாகப் படம் உளுத்துப்போகாமல் இருப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்த மர ஞானம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிறந்த ஊரைச் சொல்ல வேண்டும். 1900 டிசம்பரில் பிரெஸோவே ஹோரியில் பிறந்தவர். பொஹீமியாவில், ப்ரீப்ராம் நகரத்தை ஒட்டிய சுரங்க ஊர். வெள்ளியும் ஈயமும் எடுக்கும் ஆழமான சுரங்கங்கள். 1892 மே 31 அன்று மரியா சுரங்கத்தில் பிடித்த தீயில் 319 பேர் மாண்டார்கள். அந்த நூற்றாண்டு உலகம் கண்ட கொடிய சுரங்க விபத்துகளில் அதுவும் ஒன்று. அந்த ஊர்ச் சுரங்கக் குடும்பங்களுக்கு மரத்தில் பொம்மை செய்வது ஒரு பக்கத் தொழில். பகலெல்லாம் நிலத்துக்கடியில் பாறை உடைத்துவிட்டு வந்தவர்கள் மாலையில் குதிரையும் வண்டியும் செதுக்கினார்கள். கடைசல் பட்டறையில் சுழன்று வரும் மரத்துக்கு முழங்கால் கிடையாது, கழுத்து திரும்பாது என்பது அந்த ஊர்க் குழந்தைகளுக்குப் பாடமாகச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை.

பிராக் நகரத்துக்குப் போன டீர்லொவா முதலில் மேடைகளில் ஆடினார். பிறகு விளம்பரப் படங்களுக்கு ஓவியம் வரையும் வேலை. அங்கே பழக்கமான கரெல் டோடல் என்ற அனிமேஷன் கலைஞரை மணந்தார். மணவாழ்க்கை நீடிக்கவில்லை, தொழில் உறவு நீடித்தது. டோடல் மறுமணம் செய்துகொண்ட பிறகும் டீர்லொவா அந்தப் புதுத் தம்பதியோடு சேர்ந்து வேலை செய்தார். 1930-களின் நடுவில் அவர்கள் எடுத்த 'விளக்கின் இரகசியம்' என்ற விளம்பரப் படம் செக் பொம்மைப் படங்களின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. 1938-இல் டோடல் நாட்டை விட்டு வெளியேறினார். டீர்லொவா தங்கிவிட்டார்.

அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம் ஒரு செருப்புக் கம்பெனி. பாட்டா. நாம் காலில் போட்டுத் தேய்த்த அதே பாட்டாதான். யாழ்ப்பாணத்தில் ரப்பர் செருப்புக்கே பாட்டா என்றுதான் பெயர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாட்டாநகர் என்று ஓர் ஊரே இருக்கிறது. ஸ்லீன் அந்தக் கம்பெனியின் தாய்வீடு. தொழிற்சாலை, வீடுகள், பள்ளிகள், மருத்துவமனை எல்லாம் செங்கல்லும் கான்கிரீட்டுமாக ஒரே அச்சில் வார்த்த நகரம். செருப்பை விற்க விளம்பரப் படம் தேவை. அதை வெளியே கொடுத்து எடுப்பானேன் என்று 1936 வாக்கில் குட்லோவ் என்ற மேட்டில் சொந்தமாகவே ஒரு ஸ்டூடியோ கட்டிவிட்டார்கள். எல்மார் க்லோஸ், அலெக்ஸாண்டர் ஹாக்கன்ஷ்மீட் போன்றவர்கள் அங்கே விளம்பரப் படம் எடுத்துத்தான் கை பழகினார்கள். க்லோஸ் பின்னால் இணைந்து இயக்கிய படம் ஆஸ்கார் வரை போனது.

செருப்பு விளம்பரத்துக்கும் பொம்மைப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. விளம்பரத்தில் கதாநாயகன் பொருள்தான். ஒரு ஷூவை நடக்கவைக்க வேண்டும், ஆனால் அது ஷூவாகவும் இருக்க வேண்டும்; ஆளாக மாறிவிட்டால் யார் வாங்குவார்கள்? பொருளுக்கு உயிர் கொடு, ஆனால் பொருளை மறக்காதே என்ற அந்தக் கணக்கு விளம்பரத் தொழிலில் அன்றாட வேலை. பத்து ஆண்டுகளுக்கும் மேல் அதில் கிடந்தவர் டீர்லொவா. சுரங்க ஊர் மரத்தைக் கொடுத்தது என்றால் விளம்பரம் அந்தக் கணக்கைக் கொடுத்தது. கலை வரலாறு எழுதுபவர்கள் இந்த இரண்டாவதைச் சற்று வெட்கத்தோடு கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை.

போர்க்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ், அவர் ஸ்லீனில் எடுத்த படம் 'எறும்பு ஃபெர்டா'. வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய அந்த எறும்பு ஒன்ட்ரெய் செகோரா எழுதிய சிறுவர் கதைகளின் நாயகன். செக் வீடுகளில் அவனைத் தெரியாத குழந்தை இல்லை. படம் 1944-இல் வெளிவந்தது. அதே ஆண்டு, யூத மனைவியை விவாகரத்து செய்ய மறுத்த செகோரா கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். எறும்பு திரையில் ஓடிக்கொண்டிருக்க, அதைப் படைத்தவர் முகாமில்.

இன்னொரு சம்பவத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். செக் மக்களுக்குப் பொம்மலாட்டம் வெறும் குழந்தை விளையாட்டாக இருந்ததில்லை. ஜெர்மன் மொழி ஆண்ட காலத்திலும் ஊர் ஊராகப் போய்ச் செக் மொழியில் ஆட்டிக்காட்டியவர்கள் பொம்மலாட்டக்காரர்கள். அந்த மரபில் இருபதாம் நூற்றாண்டின் பெரிய பெயர் பில்சன் நகரத்து யோசெஃப் ஸ்குபா. ஸ்பெய்பல் என்ற மந்தமான அப்பா, ஹுர்வீனெக் என்ற குறும்புக்கார மகன்: அவருடைய இந்த இரண்டு பொம்மைகளும் நாட்டுக்கே வீட்டுப்பிள்ளைகள். 1944 ஜனவரியில் கெஸ்டபோ ஸ்குபாவைக் கைது செய்தது. ஸ்பெய்பலையும் ஹுர்வீனெக்கையும் தன் அலுவலக இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியது. மனிதனைச் சிறையில் போட்டால் போதாது, பொம்மையையும் உள்ளே வைக்க வேண்டும் என்று கெஸ்டபோவுக்கே தோன்றியிருக்கிறது. ஸ்குபா டிரெஸ்டன் சிறையில் இருந்தார். 1945 பிப்ரவரியில் அந்த நகரத்தின் மீது குண்டு மழை பெய்தபோது எரியும் சிறையிலிருந்து தப்பித்து ஊர் திரும்பினார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'பொம்மைகளின் கிளர்ச்சி'யைப் பாருங்கள். பொம்மைகளுக்கு நடுவே கெஸ்டபோ ஆள் என்ற காட்சி, 1946-இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த செக் பார்வையாளருக்கு வெறும் கற்பனையாக இருந்திருக்காது.

அந்தப் பார்வையாளருக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்திருக்கும். இது என் வாசிப்பு. யாரும் ஏற்க வேண்டும் என்று இல்லை. 1938 செப்டம்பர் 23 அன்று செக்கோஸ்லோவாகியா முழுப் படைத்திரட்டலை அறிவித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சீருடை அணிந்து எல்லைக் கோட்டைகளுக்குப் போனார்கள். நல்ல படை, நல்ல ஆயுதம், சண்டை போடும் மனநிலை எல்லாம் இருந்தது. ஒரு வாரத்தில், மியூனிக்கில், அந்த நாட்டுப் பிரதிநிதிகளை அறைக்குள்கூட விடாமல், பிரிட்டனும் பிரான்சும் இத்தாலியும் ஹிட்லரோடு உட்கார்ந்து எல்லைப் பகுதியை எழுதிக்கொடுத்துவிட்டன. சிப்பாய்கள் ஒரு குண்டுகூடச் சுடாமல் கோட்டைகளைக் காலி செய்துவிட்டு வீடு திரும்பினார்கள். அடுத்த மார்ச் 15 அன்று ஜெர்மானியர்கள் பிராக்கில் இருந்தார்கள். போரில் தோற்பது ஒரு வலி. போரே போடாமல் தோற்பது வேறு வகை வலி. அது நெஞ்சுக்குள் முள்ளாகவே கிடக்கும்.

அந்த முள்ளை வைத்துக்கொண்டு படத்தில் வரிசை கட்டி வரும் மரச் சிப்பாய்களைப் பார்த்தால் சிரிப்போடு வேறு ஏதோவும் வருகிறது. நிஜச் சிப்பாய்களுக்கு மறுக்கப்பட்ட சண்டையை மரச் சிப்பாய்கள் போடுகிறார்கள். நாடும் சின்னது, சிப்பாயும் சின்னவன். ஆனால் இங்கே யாரும் வெளியிலிருந்து வந்து பேரம் பேசவில்லை. முடிவு பட்டறைக்குள்ளேயே எடுக்கப்படுகிறது.

பழிவாங்கும் படம் என்று இதைச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் பழியின் அளவைக் கவனிக்க வேண்டும். 1945-இல் போர் முடிந்த கையோடு அந்த நாட்டில் நடந்த பழிதீர்ப்புகள் சிறியவை இல்லை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார்கள், வழியில் பலர் இறந்தார்கள். அதற்குப் பக்கத்தில் டீர்லொவாவின் பொம்மைகள் அந்த மனிதனை என்ன செய்கின்றன என்று பார்க்கிறேன். அடிக்கின்றன, துரத்துகின்றன, அவமானப்படுத்துகின்றன. அவ்வளவுதான். பொம்மைக்கு அதற்கு மேல் முடியாது. பொம்மை துப்பாக்கியால் ஆளைக் கொல்ல முடியாது என்ற எளிய உண்மைக்குள் படத்தின் அறம் முழுவதும் அடங்கிவிடுகிறது. பொம்மைகள் நிஜக் குண்டு வைத்திருந்தால் இது குழந்தைகள் படமாக இருந்திருக்காது.

இனி, வேலை எப்படி நடக்கிறது என்பது. ஸ்டாப் மோஷன் என்பது கேட்க எளிது. பொம்மையை வைத்து ஒரு படம் எடு. ஒரு நூல் அளவு நகர்த்து. இன்னொரு படம் எடு. திரையில் ஒரு விநாடி ஓட 24 படங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பதிவு செய்து ஏமாற்றினாலும் 12 நிலைகள். ஒரு நிமிடத்துக்கு 1,440 ஃபிரேம். கால் மணி நேரப் படத்துக்கு இருபதாயிரத்தைத் தாண்டும். ஒரு நாள் முழுக்க வேலை செய்து சில விநாடிகள் தேறினால் அது நல்ல நாள். நடுவில் யாராவது மேசையை இடித்துவிட்டால் காலையிலிருந்து செய்ததெல்லாம் போயிற்று. விளக்கு மங்கினால் போயிற்று. எந்தப் பொம்மையின் எந்தக் கை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அனிமேஷன் செய்பவர் மனத்திலேயே வைத்திருக்க வேண்டும். பத்து சிப்பாய்கள் என்றால் பத்து கணக்கு.

இந்தப் படத்தில் சிக்கல் இரட்டிப்பு, ஏனென்றால் நடுவே உயிருள்ள மனிதன் நிற்கிறான். மனிதன் தன் வேகத்தில் அசைவான்; பொம்மை ஃபிரேம் ஃபிரேமாகத்தான் அசையும். இரண்டையும் ஒரே காட்சியில் எப்படிப் பூட்டுவது? அக்காலத்துக்குத் தெரிந்த வழிகள் சில. முதல் வழி வெட்டி ஒட்டுவது: பொம்மை எறிகிறது, வெட்டு, மனிதன் நெற்றியைப் பிடிக்கிறான். பாதி வேலையைப் பார்ப்பவரின் மூளையே செய்துவிடும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பியில் பொம்மையைக் கட்டி நிஜ வேகத்திலேயே பறக்கவிடுவது. மூன்றாவது கொடுமையானது: நடிகரையே பொம்மைபோல ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உறைந்து நிற்கச் சொல்லி, இம்மி இம்மியாக நகர்த்துவது. இப்படி எடுத்தால் மனிதனின் அசைவு வெட்டுவெட்டாக, சாவி கொடுத்த பொம்மைபோல ஆகிவிடும். சாதாரணமாக அது குறை. இந்தக் கதையில் அதுவே நிறை. சீருடைக்காரன் விறைப்பாக, மரம்போல நடக்கிறான்; மரமோ துள்ளுகிறது. யாருக்கு உயிர் இருக்கிறது என்ற சந்தேகம் பார்ப்பவருக்கே வந்துவிடுகிறது.

நடிப்பு மிகை என்று சொல்லலாம். கெஸ்டபோ ஆள் கண்ணை உருட்டி, கையை விரித்து, பழைய ஊமைப்படக் கோமாளிபோலத் தடுக்கி விழுகிறான். துரத்தலும் தேவைக்குமேல் கொஞ்சம் நீள்கிறது என்பது என் எண்ணம்; ஒரே வகை அடி இரண்டு மூன்று முறை விழுகிறது. ஆனால் என் அபிப்பிராயத்துக்கு அக்கா மகனிடம் மதிப்பு இருக்கவில்லை. அந்த இடத்தில்தான் அவன் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். கதையை நகர்த்துவது பேச்சில்லை, இசையும் ஓசையும்தான். மொழி தெரியாதது அவனுக்குத் தடையாகவே இல்லை.

இவ்வளவு மெதுவான, இவ்வளவு செலவு பிடிக்கும் வேலைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதும் கேட்கத்தக்க கேள்வி. 1945 ஆகஸ்டில், வேறு தொழில்களுக்கெல்லாம் முன்பாக, செக்கோஸ்லோவாகியத் திரைத்துறை அதிபரின் ஆணையால் நாட்டுடைமையாக்கப்பட்டது. அதே ஆண்டு பாட்டா தொழிற்சாலையும் அரசின் கைக்குப் போனது. குட்லோவ் மேட்டில் இருந்தவர்களுக்கு இனிச் செருப்பு விற்க வேண்டியதில்லை. கலைஞர்களுக்கு மாதச் சம்பளம், எடுத்துக்கொள்ள நேரம். கால் மணி நேரப் படத்துக்கு மாதக்கணக்கில் உட்காரலாம். வசூல் பற்றிக் கேட்க ஆளில்லை. விளைவு உடனே தெரிந்தது. டீர்லொவாவிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்த கரெல் ஸெமன் எடுத்த 'கிறிஸ்துமஸ் கனவு' 1946-இல் நடந்த முதல் கான் திரைப்பட விழாவிலேயே பரிசு வாங்கியது. ஸெமன் வந்த கதையும் நன்றாக இருக்கும்: ப்ருனோ நகரத்தில் கடைச் சன்னல் அலங்காரம் செய்துகொண்டிருந்தவரை எல்மார் க்லோஸ் கண்டுபிடித்து ஸ்லீனுக்கு அழைத்துவந்தார். மறுபடியும் விளம்பரம்தான். பிராக்கில் யிரி த்ரன்கா பொம்மைப் பட ஸ்டூடியோ தொடங்கியதும் அதே 1946-இல். ஆனால் அரசாங்கக் காசுக்குப் பின்னால் அரசாங்கக் கை இருக்கும். அது 1948-க்குப் பிறகு, கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்த பின், நன்றாகவே தெரிந்தது. ஸ்லீன் என்ற ஊர்ப் பெயரே 1949-இல் போய், கட்சித் தலைவர் காட்வால்டின் பெயரில் காட்வால்டோவ் ஆனது. 1990 வரை அப்படித்தான் இருந்தது.

த்ரன்காவை இங்கே நிறுத்திப் பார்ப்பது நல்லது. அவர் பில்சன்காரர், ஸ்குபாவிடம் பழகியவர். பொம்மையின் முகத்தை அசைக்கவே மாட்டார். ஒளியையும் கோணத்தையும் மாற்றி, அசையாத அதே முகத்தில் துயரம் வரவைப்பார். பொம்மைப் படத்தைக் காவியத் தரத்துக்கு ஏற்றியவர் அவர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவருடைய கடைசிப் படம் 1965-இல் வந்த 'கை'. இதிலும் ஒரு கைவினைஞன்தான், குயவன். பூச்செடிக்குத் தொட்டி செய்துகொண்டு தன் பாட்டில் இருக்கிறான். ஒரு பெரிய மனிதக் கை அவன் அறைக்குள் வருகிறது; தன்னையே சிலையாகச் செய்யச் சொல்கிறது. கெஞ்சுகிறது, காசு காட்டுகிறது, மிரட்டுகிறது, கூண்டில் அடைக்கிறது. கடைசியில் குயவன் செத்துப்போகிறான். கை அவனுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்கிறது. த்ரன்கா 1969 டிசம்பரில் இறந்த பிறகு அந்தப் படம் தடை செய்யப்பட்டது.

1946-இல் ஒரு பட்டறை, 1965-இல் ஒரு பட்டறை. இரண்டிலும் அழைக்காமல் வரும் அதிகாரம். முதல் பட்டறையில் செய்தவன் தப்பிக்கிறான், செய்த பொருள்கள் எதிர்த்து நின்று வெல்கின்றன. இரண்டாவதில் செய்தவனைக் காப்பாற்ற எந்தப் பொருளும் எழுந்து வரவில்லை. தொட்டிகள் உடைவதற்கு மட்டுமே இருக்கின்றன. பத்தொன்பது ஆண்டுகளில் அந்த நாட்டில் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டலாம். குழந்தைகளை இரண்டாவதுக்கு முன் தூங்கவைத்துவிட வேண்டும்.

டீர்லொவா அந்தப் பக்கம் போகவில்லை. 'பொம்மைகளின் கிளர்ச்சி'யை அடுத்து அவர் எடுத்தது 'தாலாட்டு': அழும் குழந்தைக்கு ஒரு சின்னப் பொம்மை வேடிக்கை காட்டும் படம். அங்கும் உயிருள்ள மனிதனும் பொம்மையும்தான், ஆனால் எதிரிலிருப்பது கெஸ்டபோ இல்லை, கைக்குழந்தை. கைக்குழந்தையை உறைந்து நிற்கச் சொல்ல முடியாது என்பதால் வேலை என்னவோ கடினமாகத்தான் இருந்திருக்கும். பிறகு அவர் மரத்தையே விட்டுவிட்டு வேறு பொருள்களுக்குப் போனார். 1958-இல் 'கைக்குட்டையில் முடிச்சு'. எதையாவது மறக்காமல் இருக்கக் கைக்குட்டை நுனியில் முடிச்சுப் போட்டுக்கொள்வது செக் வழக்கம். அந்த முடிச்சே தலையாக, கைக்குட்டையே ஆளாக எழுந்து நடமாடுகிறது. 1962-இல் 'இரண்டு நூற்கண்டுகள்', 1964-இல் 'கம்பளிக் கதை'. கம்பளியால் செய்த உருவம் கம்பளிபோலவே அசைகிறது. மென்மையாக, மயிர் சிலிர்த்து, எந்த நேரமும் பிரிந்துவிடலாம் என்பதுபோல. அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். எழுபத்தைந்து வயதைக் கடந்தபின் மறுபடி அந்த எறும்பு ஃபெர்டாவிடமே போய் 1977-இல் ஒரு தொடர் செய்தார். பெயர் மாறிய ஊரிலேயே இருந்து, அது பழைய பெயருக்குத் திரும்பியதையும் பார்த்துவிட்டு, 1993 மே மாதம் அங்கேயே இறந்தார்.

கம்பளியிலும் கைக்குட்டையிலும் ஒளிந்துகொண்டு அரசியலிலிருந்து தப்பித்தார் என்று அவர்மீது ஒரு குறை சொல்லலாம். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. ஒரு கைக்குட்டைக்குக் கைக்குட்டையாகவே இருக்க உரிமை உண்டு, எந்தக் கொள்கையையும் அது விளக்க வேண்டியதில்லை என்று அந்தக் காலத்தில், அந்த ஊரில், அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு படம் எடுப்பது அவ்வளவு சாதாரணமான காரியமா என்ன?

படம் பார்த்த மறுநாள் அக்கா மகன் என் போனைக் கேட்டு வாங்கினான். அவனிடம் கை கால் மடங்கும் பிளாஸ்டிக் வீரர்கள் நிறைய உண்டு. அவற்றை விட்டுவிட்டு, எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த சாயம் போன மரப் பம்பரத்தை எடுத்துவந்தான். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்துவைத்து, பம்பரத்தை மேசையில் படுக்கவைத்து, ஒரு நூல் நகர்த்தி ஒரு படம், ஒரு நூல் நகர்த்தி ஒரு படம். பம்பரம் தானாக எழுந்து நிற்க வேண்டும் என்பது திட்டம். ஆணி முனையில் அது நிற்காது என்பது நாற்பதாவது படத்தில்தான் தெரிந்தது. பசையுருண்டை தேடினோம். பத்து விநாடிப் படத்துக்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று.

ஓட்டிப் பார்த்தோம். பம்பரம் தள்ளாடி, குடித்தவன்போல எழுந்து நின்றது. நடுவில் ஒரே ஒரு ஃபிரேமில் அவன் கட்டைவிரல் பெரிதாக வந்து மறைந்தது. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.